பழைய வீட்டில் ஏசி போட்டும் அறை குளிரவில்லை. கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக அனலும் புழுதியும் வருகிறது. சிமெண்ட் வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?

வேண்டாம். இடுக்கை அடையுங்கள், ஆனால் சிமெண்டால் அடைக்காதீர்கள்.

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்து வீட்டை நாலு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டு வருகிறேன். நீங்கள் சொல்கிற அத்தனையும் எங்களுக்கும் இருந்தது. கத்திரி வெயிலில் ஜன்னலைச் சாத்தினாலும் அனல் முகத்தில் அடிக்கும். ஆடிக் காற்றில் காலையில் பெருக்கினால் மத்தியானம் தரை மறுபடி நறநறக்கும். மார்கழி விடியற்காலையில் அதே இடுக்கு வழியாக வாடை வந்து அம்மாவின் முட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று பாருங்கள். காற்று வீசுகிற ஒரு சாயங்காலம் ஃபேன், ஏசியை நிறுத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னலைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். இரண்டு கதவும் சேருகிற நடுக்கோட்டில்தான் ஓட்டை என்று நான் நினைத்திருந்தேன். அங்கே புகை லேசாகத்தான் அசைந்தது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே, மயிரிழை விரிசல் மாதிரி இருந்த இடத்தில், புகை அப்படியே படுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. நிலையைச் சுற்றி முழுக்க அப்படித்தான் இருந்தது.

அதில் சிமெண்ட் வைத்துப் பூசினேன். ஒரே வருடத்தில் பட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. மரம் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். சிமெண்ட் அதற்கு வளைந்துகொடுக்காது. பிறகு ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான மேஸ்திரி வந்தார். ஊறவைத்த சுண்ணாம்பைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். "வெண்ணெ மாரி இருக்கணும். நறநறன்னா இன்னும் ஊறலைன்னு அர்த்தம்" என்று சொல்லி, இன்னும் நாலு நாள் காத்திருக்கவைத்தார். அப்புறம் சன்ன மணலும் பொடியாக நறுக்கிய தேங்காய் நாரும் கலந்து கரண்டியால் இடுக்கில் திணித்தார். இன்றுவரை அசையவில்லை.

சுவருக்கும் இதே கதைதான். உங்கள் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். எங்கள் மேற்குச் சுவருக்கு ஒரு காண்ட்ராக்டர் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தார். இரண்டாம் மழைக்கே உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்தது. கை வைத்தால் வெள்ளை மாவு ஒட்டும். அதைக் கொத்தி எடுக்க ஆன செலவு, பூசிய செலவைவிட அதிகம். தயவுசெய்து அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்குக்கு ரப்பர் பீடிங் போதும். வாசல் கதவின் அடியில் பிரஷ் பட்டை அடித்துவிட்டால் புழுதியும் நிற்கும், பல்லியும் பூரானும் வராது.

ஏசி குளிராததற்கு இடுக்கு பாதிக் காரணம்தான். பழைய அறைகள் உயரம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பதின்மூன்றடி உயரம் என்றால் 1,560 கன அடி. பத்தடி உயரமுள்ள புது வீட்டு அறைக்கு 1,200தான். அதற்கேற்ற டன் வாங்க வேண்டும். மிச்ச அனல் மேலேயிருந்து இறங்குகிறது. எங்கள் வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லி போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்தது. சித்திரை பிறக்கும் முன்னே மொட்டை மாடி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம். ராத்திரி படுக்கும்போது தலைக்குமேல் இறங்குகிற சூடு நன்றாகவே குறைந்திருக்கிறது. மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மட்டும் போடாதீர்கள். கட்டையின் நுனி சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் ஒழுகலும் கரையானும் முதலில் வரும். அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

சுவர் உச்சியில் இருக்கிற வெண்டிலேட்டரையும் நிரந்தரமாக அடைக்காதீர்கள். கீல் வைத்த கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி ஓடும்போது சாத்துங்கள், நிறுத்தியதும் திறந்துவிடுங்கள். அடுப்படியில், அதைவிட முக்கியமாக கேஸ் கீசர் இருக்கிற குளியலறையில், காற்றுவழியைத் தொடவே கூடாது. அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, உயிரையே எடுத்துவிடும்.

கடைசியாக, ஆசாரியை எப்போது கூப்பிடுவது என்பது. ஐப்பசி மழையில் கதவு இறுகுகிறது என்று இழைத்துத் தள்ளுவோம். அந்த இழைப்புத்தான் பங்குனியில் விரல் நுழைகிற இடுக்காக நிற்கிறது. எங்கள் பின்கட்டுக் கதவு அப்படி மூன்று தடவை இழைபட்டது. போன வருடம் அதன் ஓரத்தில் தேக்குச் சட்டம் ஒட்டி அகலப்படுத்த வேண்டியதாயிற்று. மழையில் இறுகினால் ஓரத்தில் கொஞ்சம் மெழுகு தேய்த்துச் சமாளியுங்கள். இழைப்பதோ பீடிங் ஒட்டுவதோ, மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கிய பிறகு, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.