இரண்டு வருடமாக வாடாத கள்ளிப்பூ

கேள்வி: தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு. தள்ளுவண்டியில் பூவோடு வாங்கிய கள்ளி, ஜன்னலோரம் இருக்கிறது. இரண்டு வருடமாக அதே பூதான், புது மொட்டே இல்லை. ஆனால் அந்தப் பூ மழை நாளில் மூடிக்கொள்கிறது, வெயிலில் விரிகிறது. என்ன குறை?

பதில்: அம்மா, அந்தப் பூ உங்கள் செடியில் பூத்ததே இல்லை. அடியில் முள்ளை விலக்கிப் பாருங்கள், பசை ஒரு சொட்டு கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். ஸ்ட்ராஃப்ளவர் என்று ஒரு பூ, காய்ந்த பிறகும் நிறம் போகாது, அதைத்தான் ஒட்டி விற்கிறார்கள். செத்த இதழும் ஈரக்காற்றில் மடங்கும், காய்ந்தால் விரியும். அதைப் பிடுங்காதீர்கள், தோல் கிழிந்து செடி அழுகும். பசைக்கு மேலே கத்தரித்துவிடுங்கள்.

நிஜக் கள்ளிப்பூ ஈரப்பட்டு மாதிரி வழுக்கும். எக்கினாப்சிஸ் என்ற கள்ளியின் பூ ஒரு சாண் நீளக் குழலோடு ராத்திரி விரியும், மறுநாள் வெயில் ஏறியதும் தொங்கிவிடும். அந்த ஓர் இரவுக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

சிவப்பு, மஞ்சள் உருண்டையைத் தலையில் வைத்த கள்ளியை 'எப்போதும் பூத்திருக்கும்' என்று தள்ளிவிடுவார்கள். அதுவும் பூ அல்ல. பச்சையமே இல்லாத ஒரு கள்ளியை டிராகன் ஃப்ரூட் வகைத் தண்டில் ஒட்டுக்கட்டியது. அப்புறம் பூக்க வைக்கும் மருந்து என்று ஒரு பாட்டிலை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். பிஸ்கட் பாக்கெட்டில் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. செடிக்குப் பெயர்ச்சீட்டுகூட இல்லை, கேட்க நாதியும் இல்லை. எத்தனை முறைதான் சொல்வது!

சரி, உங்கள் செடிக்கு வருவோம். குறை வெயில்தான். மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் பூக்கும். ஒரு விலக்கு உண்டு. ரெபூட்டியா போன்றவை பொலிவியா, அர்ஜென்டினா மலைக் கள்ளிகள். குளிர்காலத்தில் தண்ணீரில்லாமல், சுமார் 10 டிகிரி குளிரில் ஓய்வெடுத்தால்தான் நன்றாக மொட்டு வைக்கும். நம் ஊரில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள், வேண்டாம், வெளிச்சமில்லாமல் வீணாகும். உரமும் உதவாது. உங்களுடையது அந்த வகையென்றால் வடிவத்துக்காக வளருங்கள்.

பூதான் வேண்டுமென்றால் அடீனியம் என்ற பூச்செடியை வையுங்கள். அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வளர்வது, நம் சித்திரை வெயில் அதற்குச் சொந்த ஊர் மாதிரி. தினம் 6 மணி நேர வெயில் வேண்டும், மணல் கலந்த மண் வேண்டும்.

எதையும் மாடிக்கு ஒரே நாளில் ஏற்றாதீர்கள், தோல் வெந்துவிடும். பத்து நாள் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்முன் கூரைக்குக் கீழே இழுத்துவிடுங்கள்.