மரை அசையவில்லையா? மலையில் வண்டி வைத்திருப்போரின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துருவைப் பற்றியவை. வியப்பில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஊட்டிக்கு இரண்டும் உண்டு. மழை விட்டால் மூடுபனி. கடலோரத்தில் உப்புக் காற்று செய்யும் வேலையை இங்கே காயாத ஈரமே செய்துவிடுகிறது. எழுதியவர்கள் எல்லோரும் வீட்டு வாசலிலேயே வண்டியைக் கழற்றிப் பார்க்கிறவர்கள். மலைக் கிராமத்திலிருந்து பட்டறைக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிவேன். ஆகவே வீட்டில் எதுவரை செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய பைக். சைலன்சரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் துருவில் இறுகிவிட்டன. ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. துரு நீக்கும் ஸ்பிரே அடித்தும் பயனில்லை. – கூடலூர் வாசகர்

ஸ்பிரே அடித்த பிறகு எவ்வளவு நேரம் பொறுத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து நிமிடம் என்றால் அது போதாது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடுகிறது. நட்டுக்கும் அது ஏறியிருக்கும் ஸ்டட்டுக்கும் (தலையில்லாத போல்ட்) இடையே இருந்த மயிரிழை இடைவெளி முழுவதையும் அது அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நெருக்குகிறது. அந்த அடைப்புக்குள் எண்ணெய் ஊர்ந்து போக வேண்டும். மாலையில் அடியுங்கள், காலையில் மறுபடி அடியுங்கள், அன்று மாலையும் அடியுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதுவும் வேலை செய்யும், இன்னும் மெதுவாக.

எண்ணெய்க்கு முன்பு கம்பி பிரஷ் எடுங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை, அதாவது ஸ்டட்டின் திருகு வரிகளை, பளபளவென்று தேயுங்கள். நட் வெளியே வர வேண்டிய பாதை அதுதான். பலர் இதைச் செய்யாமல் விட்டு, பாதி கழன்ற நட்டை அந்தத் துருவிலேயே சிக்க வைக்கிறார்கள். பிறகு சிறிய சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் எல்லாப் பக்கமும் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வுதான் தேவை. அதிர்வில் துரு விரிசல் விடும், எண்ணெய் இறங்க வழி கிடைக்கும்.

கழற்றும்போது ஓபன் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். அது இரண்டு முனைகளை மட்டுமே பிடிக்கிறது. ஆறு முனை சாக்கெட் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் மழுங்கிய நட்டில் வழுக்கும். முதலில் இறுக்கும் பக்கமாக ஓர் இம்மி திருப்புங்கள். துருவின் பிடி அப்போது உடையும், சில நேரம் ஒரு 'டிக்' சத்தத்தோடு. அதன் பிறகே கழற்றும் பக்கம். கால் சுற்று வந்தால் கொஞ்சம் திரும்பிப் போங்கள், எண்ணெய் விடுங்கள், மீண்டும் வாருங்கள். அசைந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் சுழற்றினால் உதிர்ந்த துருப்பொடி மரையில் திரண்டு மறுபடி பூட்டிக்கொள்ளும். ஸ்டட்டுகள் அதிகம் உடைவது இந்த இடத்தில்தான்.

இதற்கும் மசியாவிட்டால் சூடு. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்த பிறகே தீயைப் பற்ற வையுங்கள். முன்பு அடித்த ஸ்பிரேயையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். தீ உமிழும் கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்குங்கள். சூடேறிய நட்டின் ஓரத்தில் மெழுகுவத்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுக்கப்படும்.

கடைசி வழி, நட்டை ரம்பத்தாலோ உளியாலோ பிளந்து எடுப்பது. நட் சில ரூபாய். ஸ்டட் உடைந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிட்டால் செலவு ஆயிரங்களில் போகும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பைக்கின் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இரண்டு ஸ்டார் திருகுகள். திருப்புளி வழுக்கி ஒன்றின் தலை குழிந்துவிட்டது. – கோத்தகிரி வாசகர்

முதல் காரணம், பொருந்தாத திருப்புளி. நம் ஊரில் ஓடும் ஜப்பானிய வழி பைக்குகளின் ஸ்டார் திருகுகள் பல, ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. பார்வைக்குச் சாதாரணப் பிலிப்ஸ் தலை போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் திருப்புளி அதன் அடிவரை உட்காராது, அழுத்தினால் ஏறி வெளியே வந்துவிடும். ஜப்பானியத் தர முனையே தனியாகக் கிடைக்கிறது. சொந்தமாகப் பைக் கழற்றுகிறவர் அதில் ஒன்று வைத்திருப்பது நல்லது.

இப்போது குழிந்துவிட்ட திருகுக்கு: பொருத்தமான முனையைத் தலையில் வைத்து, திருப்புளியின் பின்புறம் சுத்தியலால் இரண்டு மூன்று முறை மிதமாகத் தட்டுங்கள். முனை புதிதாகப் பதியும், மரையும் இளகும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் திருப்புளியை இந்த இடத்தில் மட்டும் பயன்படுத்தாதீர்கள். அந்த டப்பா மெல்லிய அலுமினிய வார்ப்பு, வெடித்துவிடும். துரு எண்ணெயும் இங்கே வேண்டாம். ஒரு துளி உள்ளே விழுந்தாலும் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் ஊதிப் போகும்.

பிக்-அப்பில் உரமூட்டையும் காய்கறியும் ஏற்றுகிறேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டையை அச்சோடு பிடிக்கும் யு-போல்ட்டுகள் துருவேறிவிட்டன. எண்ணெய் போட்டு ஒரு வாரமாகியும் அசையவில்லை. – எமரால்டு விவசாயி

எண்ணெயை வீணாக்காதீர்கள். யு-போல்ட்டைக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை. ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்டு நின்ற போல்ட் அது. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். கிரைண்டரால் அறுத்து எறியுங்கள். அதற்கு முன் சேசிஸைத் தாங்கியின் (ஸ்டாண்டு) மேல் நிறுத்தி, அச்சுக்குத் தனியாக ஜாக்கி கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். தீப்பொறி பறக்கும் பக்கம் டீசல் டேங்க், பிரேக் குழாய் எதுவும் இருக்கக் கூடாது. புதியவற்றைக் கம்பெனி சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். சில நாள் சுமையோடு ஓட்டிய பின் மறுபடி முடுக்கிப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும்.

உங்கள் வண்டி மற்றவர்களுடையதைவிட வேகமாகத் துருப்பிடிக்கக் காரணம் உரம்தான். பொட்டாஷ் என்று நாம் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. இரும்புக்கு அது சமையல் உப்பைப் போலவே பகை. உரம் ஏற்றிய நாளன்றே பலகை இடுக்குகளையும் பட்டையையும் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

எஸ்டேட்டில் வாங்கிய பழைய வில்லிஸ் வகை ஜீப். வலப்பக்கச் சக்கர நட்டுகள் எளிதாகக் கழன்றன. இடப்பக்கம் ஒன்றுகூட வரவில்லை. – மஞ்சூர் வாசகர்

ஸ்டட்டின் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அந்தக் கால ஜீப்களில் இடப்பக்க ஸ்டட்டுகளுக்கு இடது மரை; கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இத்தனை நாளும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஒரு மாதம் வெளியூரில் இருந்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு வாசலில் நிறுத்திய சிறிய கார் இப்போது நகர மறுக்கிறது. பின்சக்கரம் இழுபடுகிறது, சுற்றவில்லை. – குன்னூர் வாசகி

சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது பிரேக் ஷூ. அது டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குன்னூரில் மழைக்காலத்தில் நனைந்த காரை அப்படியே நிறுத்தினால் சில நாளிலேயே இது நடக்கும்.

முதலில் வாசலைப் பாருங்கள். குன்னூரில் சரிவில்லாத வாசல் அபூர்வம். ஒட்டிக்கொண்ட பிரேக் விடுபடும் நொடியில் கார் தானாக உருளத் தொடங்கும். இறக்கத்தின் பக்கம் உள்ள சக்கரங்களுக்குத் தடித்த கட்டை வைத்துவிட்டு, அந்தத் திசையில் யாரையும் நிற்க விடாதீர்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுத்து, ரிவர்ஸ் கியரிலும் முதல் கியரிலும் மாற்றி மாற்றி, கட்டை இடம் தரும் அளவுக்கு மட்டும் மென்மையாக அசையுங்கள். பல நேரம் ஒரு 'டொக்' ஓசையோடு விட்டுவிடும். விடாவிட்டால் கிளட்ச் நாறும்வரை போராட வேண்டாம்.

அடுத்த படிக்குச் சமதளம் வேண்டும். சரிவில் ஜாக்கி போட்டு டிரம்மைத் தட்டச் சொல்ல என் மனம் ஒப்பாது. உங்கள் வாசல் சரிவானது என்றால் இங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். சமதளம் என்றால் சக்கரத்தைக் கழற்றி, காரைத் தாங்கியில் நிறுத்தி, டிரம்மின் முகத்தில் ஸ்டட்டுகளுக்கு இடையே சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். பல கார்களின் டிரம் முகத்தில் எதற்கென்று தெரியாமல் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். டிரம்மைக் கழற்றுவதற்கென்றே வைத்தவை அவை. பொருத்தமான போல்ட்டை, பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், இரண்டிலும் போட்டு மாறி மாறிக் கால் சுற்றாக முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம்; ஈரத் துணியால் துடையுங்கள். ஷூவின் மேல்பட்டை இரும்பிலிருந்து பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் புதிது. கல்லட்டியின் 36 கொண்டைஊசி வளைவுகளோ பர்லியார் இறக்கமோ, இங்கே எந்தப் பக்கம் போனாலும் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறோம். இனி நாள்கணக்கில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

இன்ஜினின் அலுமினிய மூடியைக் கழற்றும்போது 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று தலை முறிந்துவிட்டது. முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈசி-அவுட் வாங்கலாமா? – கேத்தி வாசகர்

மற்ற போல்ட்டுகளை முதலில் பாதுகாப்போம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உரிய இறுக்கம் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். ஓர் அடி நீளப் பிடியின் நுனியில் மூன்றரைக் கிலோ எடை தொங்கினாலே அது வந்துவிடும். நீளமான ராட்செட் இங்கே ஆபத்து, சிறியது போதும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பது நமக்குச் சாதகம். கெட்டிலில் கொதித்த நீரை மூடியின் மீது ஊற்றினால் துளை சற்று அகன்று போல்ட்டின் பிடி தளரும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அது போதும்.

முறிந்த போல்ட் இனி: மூடியை எடுத்த பின் போல்ட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். எண்ணெய், சுடுநீர், பிறகு வைஸ் கிரிப் என்ற பூட்டும் இடுக்கியால் இறுகப் பிடித்து இரு பக்கமும் அசையுங்கள். மட்டத்துக்கு உள்ளே முறிந்திருந்தால் ஈசி-அவுட் வாங்காதீர்கள். இந்தச் சிறிய அளவில் அது துளைக்குள்ளேயே ஒடியும். அது கடும் எஃகு, சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. லேத் பட்டறையில் முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுப்பார்கள். மரை கெட்டிருந்தால் அகலப்படுத்திக் கம்பிச் சுருள் மரை பதிப்பார்கள், அது பழைய மரையைவிட உறுதியாகவே இருக்கும்.

எல்லாம் கழற்றியாயிற்று. மாட்டும்போது எல்லா மரைக்கும் கிரீஸ் தடவினால் அடுத்த முறை தொல்லை இருக்காது அல்லவா? – ஊட்டி வாசகர்

எல்லாவற்றுக்கும் கூடாது. சைலன்சர் ஸ்டட்டுக்குச் சாதாரண கிரீஸ் எரிந்துபோகும். செம்புத் தூள் கலந்த, மரை இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவுங்கள். நம்பர் பிளேட், மட்கார்டு, லெக்கார்டு போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தாராளம். சக்கர நட்டுகளை மட்டும் உலர்ந்த நிலையில் மாட்டுங்கள், மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு. எண்ணெய் பட்ட மரையில் அதே முடுக்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும், காலப்போக்கில் முறியலாம். சக்கரத்தின் நடுத்துளை அச்சின் மேல் உட்காரும் வளையத்தில் லேசாகக் கிரீஸ் பூசினால் அலாய் சக்கரம் அங்கே ஒட்டிக்கொள்ளாது. பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிளின் ரப்பர் மூடி தொலைந்திருந்தால் இன்றே வாங்கி மாட்டுங்கள். அது இல்லாத நிப்பிளில் மழைநீர் தங்கி, அடுத்த முறை திறக்கும்போது அதுவும் முறியும்.