கோழியைக் கொன்ற நாயை என்ன செய்வது?

அன்புள்ள அக்கா,

ஆனேக்கல் பக்கம், பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் 15 நாட்டுக்கோழிகள். கீரித் தொல்லை தாங்காமல், காவலுக்கென்று ஊரிலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்தோம். இப்போது 8 மாதம் ஆகிறது. போன வாரம் அதுவே இரண்டு கோழிகளைக் கொன்றுவிட்டது. செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்திவிடும் என்கிறார் மாமனார். ருசி கண்ட நாய் இனி ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

தயவுசெய்து கழுத்தில் கோழியைக் கட்டாதீர்கள். என்றைக்கோ செய்த காரியத்துக்கும் இன்று கழுத்தில் நாறும் சுமைக்கும் நாயால் முடிச்சுப் போட முடியாது. வீட்டுக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். மாமனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், என் பெயரைச் சொன்னாலும் சரி.

சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த நாய்கள். கர்நாடகத்தின் முதோல் நாயும் அந்த வகைதான். கண்ணில் அசைவு பட்டால் கால் தானாக ஓடும். கோழியோ பயந்தால் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஓடுகிற பிராணி. கொன்றதைத் தின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் பெரும்பாலும் துரத்தி, கவ்வி, உதறி விளையாடுவதிலேயே கோழி செத்துப்போகும். அதில் ருசியும் இல்லை, வன்மமும் இல்லை.

மந்தைக் காவலுக்கென்றே வளர்த்த இனங்கள் வேறு. இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் கங்கால், நம் நாட்டில் காஷ்மீரத்து பகர்வால் நாய். துரத்தும் குணம் குறைந்த குட்டிகளாகப் பார்த்து, ஆட்டு மந்தைக்குள்ளேயே விட்டு வளர்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் ஊரையொட்டிய மிடில் ஐலண்ட் தீவில், நரிகளிடமிருந்து ‘லிட்டில் பென்குயின்’ என்ற சிறிய இனப் பென்குயின்களைக் காக்க 2006 முதல் மரெம்மா நாய்களை விட்டார்கள். பறவையையும் நாய் காக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஆனால் அந்த இனங்களே பக்குவப்பட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். உங்கள் குட்டிக்கு 8 மாதம்தான்! இதைப் படித்துவிட்டு மரெம்மா வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த அடர்ந்த ரோமத்துக்கு நம் ஏப்ரல் வெயில் கொடுமை.

நாயை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வேலையை மட்டும் மாற்றிக் கொடுங்கள். கோழிகள் மேயும் இடத்துக்குக் கம்பிவேலி போட்டு, நாய் அதற்கு வெளியே சுற்றட்டும். அது நடமாடும் இடம், சிறுநீர் விடும் இடம், குரைப்பு, இவையே கீரியையும் தெருநாய்களையும் தயங்க வைக்கும். காலையில் நன்றாக ஓடவிட்டுக் களைத்த பிறகு, கயிற்றோடு வேலியோரம் உட்கார வையுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே தீனி கொடுங்கள். உடம்பு விறைத்து வெறித்துப் பார்த்தால், அடிக்காமல் தள்ளிக் கூட்டிப்போங்கள். மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. இவ்வளவு செய்தும் கோழிகளுக்கு நடுவே அதை அவிழ்த்துவிடும் நாள் வராமலே போகலாம். சிப்பிப்பாறையிடம் நான் அதை எதிர்பார்க்க மாட்டேன்.

பகலில் பருந்தும் இரவில் பெருச்சாளியும் எந்த நாய்க்கும் முழுதாக அடங்காது. குஞ்சுகளுக்கு மேலே வலை வேண்டும். பொழுது சாய்ந்ததும் கோழிகளைக் கூண்டில் அடைத்துவிடுங்கள். கூண்டுக்குச் சின்னக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷாக (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள், சாதாரணக் கோழிவலையை நாய் கடித்தே பிய்த்துவிடும். அடியில் கல் பரப்பினால் தோண்டி நுழைவது கடினம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு, அதற்கு நாய் பிடித்தமான இரை. இமாசலத்தில் ‘கத்தி’ (Gaddi) என்ற மலைச் சமூகத்து மேய்ப்பர்கள் சிறுத்தைக்குப் பயந்தே தங்கள் நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுகிறார்கள். இரவுக் காவல் என்று சொல்லி உங்கள் நாயை வெளியே சங்கிலியில் கட்டிவிடாதீர்கள். ஓடித் தப்பக்கூட அதற்கு வழி இருக்காது. ராத்திரி வராந்தா கதவைச் சாத்தி உள்ளேயே படுக்க வையுங்கள். சத்தம் கேட்டால் அங்கிருந்தே குரைக்கும்.