நுகர்வோர் வழக்குக்கு வக்கீல் வைக்க வேண்டுமா, நாமே வாதாடலாமா?

என்ன பொருள், எவ்வளவு பணம் என்று நீங்கள் சொல்லவில்லை. வக்கீல் சொன்ன ஃபீஸைக் கேட்டு அதிர்ந்துபோய்த்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான்.

2022-ல் மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம். 34,000 ரூபாய், ஐந்து வருட வாரண்டி. ஏழாம் மாதமே டேங்க் ஒழுகியது. டீலர் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கம்பெனியோ உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்றது. விற்க வரும்போது அந்த உப்பு தெரியவில்லையாம். தெரிந்த வக்கீல் 15,000 கேட்டார். முப்பத்துநாலுக்குப் பதினைந்தா என்று நானே இறங்கிவிட்டேன்.

நுகர்வோர் ஆணையத்தில் நாமே வாதாடத் தடை ஒன்றும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை வந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் என் மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. முதலில் பக்க எண் போடவில்லை. அடுத்து ஏதோ ஒரு நகல் குறைந்தது. அப்போது அங்கிருந்த கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீலரை மட்டும் போட்டிருக்கீங்களே சார், பொருளைச் செஞ்சவன் எங்கே?" என்றார். அவர் சொல்லியிராவிட்டால் கம்பெனி தப்பித்திருக்கும். (அந்தத் தெருவில் ஜெராக்ஸ் ஒரு பக்கம் ஐந்து ரூபாய். எங்கள் தெருவில் ஒன்றரை. மனுவோடு வருகிறவன் பேரம் பேச மாட்டான் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நியாயம் கேட்கப் போகிற வழியிலேயே இந்தக் கொள்ளை.)

முதல் நாளுக்கு நாலு பக்கம் பேச்சு எழுதி மனப்பாடம் செய்து போனேன். வாய்தா. அடுத்ததும் வாய்தா. பேசுவதற்கு அங்கே பெரிய வேலை இல்லை, எல்லாம் காகிதமும் தேதியும்தான். எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்கி 30 நாளில் பதிலுரை தர வேண்டும், கேட்டால் இன்னும் 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. கம்பெனி வக்கீல் 52-ஆம் நாள் பதிலுரையோடு வந்தார். கால் நடுங்க எழுந்து தேதியைச் சொன்னேன். ஏற்க மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கே பதினைந்தாயிரம் கொடுக்கலாம்.

முழுப் பணமும் செலவுத்தொகையும் வந்தன. இதோடு நிறுத்தியிருக்கலாம்.

மறு வருடம் நண்பர் ஒருவர் என்னிடம் வாங்கிய கடனுக்குக் கொடுத்த 1,20,000 ரூபாய் செக் திரும்பி வந்தது. நமக்குத்தான் சட்டம் தெரியுமே! "அடுத்த வாரம் தர்றேன்" என்று அவர் இழுத்தார், நானும் பொறுத்தேன், அப்புறம் நானே நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். பிறகு ஒரு வக்கீலிடம் போனால் அவர் விரல்விட்டு எண்ணினார். கிரிமினல் வழக்குப் போட வேண்டுமென்றால் செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். என்னுடையது 41-ஆம் நாள் போயிருந்தது. மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கலாம் என்றால் செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. கிரிமினல் வழக்கு போச்சு. இப்போது சிவிலில், நீதிமன்றக் கட்டணம் கட்டி, வக்கீல் வைத்து நடத்திக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் சித்தப்பா மகனே வக்கீல்தான். அவனை ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிக் காட்டுவான்.

உங்களுடையது பில்லும் வாரண்டியும் உள்ள சின்னத் தொகை என்றால் நீங்களே போங்கள். வீடு, நிலம், செக், ஜெயில் என்று ஏதாவது இருந்தால் முதல் நாளே ஒரு வக்கீலைப் பாருங்கள், வழக்கைக் கொடுக்காவிட்டாலும் ஒரு தடவை காசு கொடுத்து ஆலோசனையாவது கேளுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அப்படித்தான்.

எதற்கும் முன்னால் வாரண்டி கார்டை எடுத்து டீலர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை. அதற்கே ஒரு மாதம் அலைந்தேன்.