இன்னும் இழுத்தால் இன்னும் உயரம் போகுமா?

கேள்வி: இரண்டு மீட்டர் இறக்கை உள்ள ரிமோட் கிளைடர் (இன்ஜின் இல்லாத குட்டி விமானம்) வைத்திருக்கிறேன், எடை 900 கிராம். எலாஸ்டிக் கயிற்றின் ஒரு முனையை ஏரித் தரையில் அடித்த முளையில் கட்டி, மறுமுனை வளையத்தைக் கிளைடரில் மாட்டி, பின்னால் இழுத்து ஏவுகிறேன். கிளம்பிய வேகத்தில் இடமும் வலமுமாக ஆடி, ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. இழுவை போதவில்லை, இன்னும் பத்தடி பின்னால் போய் இழு என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: வேண்டாம். இந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் கொக்கி. வயிற்றில் வளையம் மாட்டுகிற கொக்கி இருக்கிறதே, அது எடை சமநிலைப் புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டராவது முன்னால் இருக்க வேண்டும். நேர் கீழேயோ பின்னாலோ இருந்தால் கயிறு இழுக்க இழுக்க மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி, ஓர் இறக்கை காற்றுப் பிடிப்பை இழந்து சரிந்துவிடும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்குங்கள். எந்த இடத்தில் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறதோ அதுதான் புள்ளி. பென்சிலால் குறித்துக்கொண்டு கொக்கியை முன்னால் நகர்த்துங்கள். முதலில் கொஞ்சம் படுத்தவாக்கில்தான் ஏறும், பரவாயில்லை. நேராக ஏறுகிறது என்று உறுதியான பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் பின்னால் கொண்டுவரலாம். எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது என்றால் இறக்கை முறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இழுவையைக் கைவலியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விமானத்தின் எடையைப் போல மூன்று மடங்கு போதும், உங்களுக்கு 2.7 கிலோ. பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை வளையத்தில் மாட்டிப் பின்னால் நடங்கள், முள் அந்த எண்ணைத் தொட்ட இடத்தில் செருப்பால் ஒரு கோடு கிழித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதுதான் உங்கள் இடம். 15 மீட்டர் ரப்பரும் 60 மீட்டர் நைலான் கயிறும் என்றால், ரப்பர் மூன்று மடங்கு நீளும்போது முளையிலிருந்து 105 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். அதற்கு மேல் போகவே கூடாது.

முளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பர்கூர் பக்கம் ஓர் ஏரியில் ஆடு கட்டும் முளையை அடித்து இழுத்தேன். மேலே காய்ந்த மண், உள்ளே ஈரம். பிடுங்கிக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்து தோளுக்கு ஓரடி தள்ளிப் போனது. இப்போது இரும்பு முளைதான், இரண்டடி ஆழம், தலை நமக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தபடி. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை உங்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள், கயிற்றின் நேர்கோட்டில் யாரும் வேண்டாம்.

முளை எப்போதும் காற்று வரும் திசையில். ஆடிக் காற்றில் கிளம்பாதீர்கள். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல் பாறையும் உழுத செம்மண்ணும் சூடேறிக் காற்று மேலெழும்போது, பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போடும் இடத்தைப் பாருங்கள், கயிறு கழன்றதும் கிளைடரை அங்கே கொண்டுபோனால் ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும், 2021 ட்ரோன் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஓசூர் பக்கம் போனால் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடும் இடமா என்று பார்க்காமல் ஏவ வேண்டாம்.

கேள்வி: கிளைடர் ஏவும் ரப்பருக்குப் பதிலாக சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கட்டலாமா?
– மாணவர், பாலக்கோடு

பதில்: கவட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. கனம் அதிகம், நீட்சி குறைவு, வெட்டிய ஓரத்தில் கிழியும். சர்ஜிகல் கடையில் லேடெக்ஸ் குழாய் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, முகப் பவுடர் தூவி, வெயில் படாத டப்பாவில் சுருட்டி வையுங்கள். விரலால் இழுத்துப் பார்க்கும்போது மேலே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அந்தக் குழாயை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.