மூக்கு, உதடு, ஃபில்லர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் சுத்த சைவம். உதட்டைப் பெரிதாக்க ஊசியால் போடும் ஃபில்லர் ஜெல்லைக் கோழிக் கொண்டையிலிருந்து எடுக்கிறார்களாமே? வேறு என்ன கலக்கிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

கோழிக் கொண்டையிலிருந்து எடுத்த காலம் உண்டு. இன்று விற்கும் ஹையலுரானிக் அமில ஃபில்லர்கள் பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து, நொதித்தல் முறையில் தயாரானவை. நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே உள்ள பொருள்தான் அது. அப்படியே செலுத்தினால் சில நாட்களில் கரைந்துவிடும். அதனால் பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளால் இழைகளைப் பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். பிணையாமல் மிஞ்சும் பி.டி.டி.இ. பத்து லட்சத்தில் 2 பங்குக்கும் கீழே வரும்வரை கழுவி நீக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவு சிரிஞ்சில் இந்த வேலை ஒழுங்காக நடந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

1 மி.லி. சிரிஞ்சில் பொதுவாக 15 முதல் 25 மி.கி. அமிலமும், பலவற்றில் மரத்துப்போக 3 மி.கி. லிடோகெயினும் இருக்கும். பல் பிடுங்கும்போது போட்ட மரப்பு ஊசி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைவம் என்பதால் இன்னொன்று: பருத்தழும்புக்குப் போடும் பெல்லாஃபில் என்ற ஃபில்லரில் மாட்டுக் கொலாஜன் இருக்கிறது.

கேள்வி: ஊசியே இல்லாமல் பேனா மாதிரி கருவியால் உதட்டைப் பெரிதாக்கலாம் என்று பார்லரில் சொல்கிறார்கள். போகலாமா?
- வாசகி, கோவை

வேண்டாம். அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் கருவி அது. எவ்வளவு ஆழம் போகும், எங்கே போய் நிற்கும் என்பது இயக்குபவர் கையில் இல்லை. 2021-லேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தப் பேனாக்களுக்கு எதிராக எச்சரித்துவிட்டது.

கேள்வி: மூக்குத் தண்டை ஃபில்லரால் நிமிர்த்த ஆசை. கண் பார்வை போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
- வாசகர், சென்னை

அரிதுதான், ஆனால் உண்மை. மூக்கு, புருவ மத்தி, நெற்றி ஆகிய இடங்களின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஊசி முனை குழாய்க்குள் இருக்கும்போது வேகமாக அழுத்தினால், ஜெல் ரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிப் போகும். அழுத்துவதை நிறுத்தியதும் ஓட்டத்தோடு திரும்பி விழித்திரைக் குழாயை அடைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் பார்வை மீள்வது கடினம். அதற்குள் சிகிச்சை கிடைத்தாலும் உறுதி சொல்ல முடியாது. மூக்கில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

தோலுக்கான குழாய் அடைபட்டால் அந்த இடம் சட்டென வெளுக்கும், பிறகு வலை பின்னியது போல ஊதா நிறக் கோடுகள் ஓடும். விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள்: இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். சாதாரண ரத்தக்கட்டு அழுத்தினால் வெளுக்காது. லிடோகெயின் கலந்திருப்பதால் தொடக்கத்தில் வலி தெரியாமலே போகலாம். "வலிக்கவில்லையே" என்று காத்திருக்காதீர்கள். வீடு திரும்பிய பிறகும் இது வரலாம்.

ஜெல்லைக் கரைக்கும் முறிவு மருந்து ஹையலுரானிடேஸ். உதடு மட்டும் அடைபட்டாலே சுமார் 500 யூனிட், மூக்கும் சேர்ந்தால் 1000, நிறம் திரும்பும்வரை மணிக்கொரு முறை. நம் ஊரில் ஒரு குப்பியில் பெரும்பாலும் 1500 யூனிட் இருக்கும். ஆகவே, "ஹையலுரானிடேஸ் எத்தனை குப்பி வைத்திருக்கிறீர்கள், பார்வை மங்கினால் எந்தக் கண் மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?" என்று படுக்கையில் ஏறும் முன்பே கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த மருந்து ஹையலுரானிக் அமிலத்தை மட்டுமே கரைக்கும். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் கொண்ட ரேடியஸ் போன்ற ஃபில்லர்களை இதனால் கரைக்க முடியாது. மூக்கில் அவற்றை அனுமதிக்காதீர்கள். எங்கள் கருத்தில், மூக்குத் தண்டுக்கு ஃபில்லரைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: ஃபில்லர் போட்டு எட்டு மாதம். உதட்டுக்குள் பட்டாணி அளவு முடிச்சு. என்ன ஃபில்லர் என்றே தெரியவில்லை.
- வாசகி, திருச்சி

பிசையாதீர்கள். சூடும் சிவப்பும் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அதற்கு முதலில் ஆன்டிபயாட்டிக் வேண்டும். இல்லையென்றால் தோல் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஹையலுரானிக் அமிலம்தான் எனத் தெரிந்தால் கரைத்துவிடலாம். தேனீ, குளவி கொட்டி உங்களுக்குக் கடும் ஒவ்வாமை வந்ததுண்டா என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஹையலுரானிடேஸ் அவற்றின் விஷத்திலும் இருக்கிறது. போட்ட இடத்தில் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்: சிரிஞ்ச் பெட்டியில் தொகுதி எண்ணோடு ஒட்டுச்சீட்டு வரும், அதில் ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும்.