சோப் ஓபராவில் தலைமை எழுத்தாளர் என்றால் யார்?

அமெரிக்க சோப் ஓபராவில், அதாவது நம் ஊர் மெகா சீரியல் மாதிரியான தொலைக்காட்சித் தொடரில், அடுத்த பல மாதங்களுக்கான கதையை முன்கூட்டியே திட்டமிடுபவர்தான் தலைமை எழுத்தாளர். வாரத்துக்கு ஐந்து எபிசோடு போகும்போது எல்லா வசனத்தையும் ஒரே ஆள் எழுதி மாளாது, அதனால் நாளாந்தக் கதைச்சுருக்கத்தை ஒருவரும் வசனத்தை இன்னொருவரும் எழுதுவார்கள். கல்யாணச் சமையல் மாதிரிதான்: பக்குவம் சொல்வது ஒருவர், கரண்டி பிடிப்பது பலர்.

புகழ்பெற்ற தலைமை எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். சோப் ஓபராக்களின் முன்னோடியான இர்னா பிலிப்ஸிடம் தொழில் கற்றவர், 1970-ல் 'ஆல் மை சில்ட்ரன்' தொடரை உருவாக்கியவர். அதற்கு முன்பே, 1962-ல், 'தி கைடிங் லைட்' தொடரில் ஒரு பெண்ணுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் கதையை எழுதினார், அதுவும் 'புற்றுநோய்', 'கருப்பை' என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அங்கேதான்.

அப்புறம், ஒரு பாத்திரம் திடீரென்று செத்துப்போனால் எழுத்தாளர் குழம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள், பல சமயம் அந்த நடிகரின் ஒப்பந்தம் முடிந்திருக்கும்.